விரிவுரை மண்டபத்தில் கணக்குப் போடுவது யார்?

பத்துமலையில் 272 படிகள். ஓர் அன்பர் சனிக்கிழமை காலை 7 மணிக்குக் கீழ்ப்படியில் ஏறத் தொடங்குகிறார். சில இடங்களில் வேகமாக ஏறுகிறார். சில இடங்களில் நின்று மூச்சு வாங்குகிறார். சரியாக 8 மணிக்கு மேலே சேர்கிறார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையிலேயே மேலே சென்று வணங்கிவிட்டு, 7 மணிக்கு இறங்கத் தொடங்குகிறார். தம் போக்கில் இறங்கி 8 மணிக்குக் கீழே வந்துவிடுகிறார்.

இப்போது கேள்வி. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே கடிகார நேரத்தில் அவர் ஒரே உயரத்தில் இருந்த கணம் ஒன்று உண்டா?

அ) கட்டாயம் உண்டு.
ஆ) இருக்கலாம், இல்லாமலும் போகலாம், அவர் நடந்த வேகத்தைப் பொறுத்தது.
இ) இருக்க வாய்ப்பே இல்லை.

மேலே படிப்பதற்கு முன் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதிவையுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் அவரையும் கேளுங்கள். விடைகள் வேறுபட்டால் இரண்டு நிமிடம் வாதாடுங்கள். கல்லூரிக் கணிதத்தை எப்படிக் கற்பிப்பது என்று உலகெங்கும் நடக்கும் விவாதத்தின் மையமே அந்த இரண்டு நிமிடம்தான்.

வாக்கெடுப்பும் வாதமும்

அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மஸூர், 1991-இல் தம் வகுப்பை மாற்றியமைத்தார். விரிவுரையைச் சிறு பகுதிகளாகப் பிரித்தார். ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் மேலே உள்ளது போன்ற ஒரு கேள்வி வரும். கணக்கீடு தேவையில்லை, கருத்து புரிந்திருந்தால் போதும். மாணவர்கள் முதலில் தனியாக யோசித்து வாக்களிப்பார்கள். விடைகள் சிதறிக் கிடந்தால், பக்கத்தில் இருப்பவரைத் தம் பக்கம் இழுக்க முயல வேண்டும். பிறகு மீண்டும் வாக்கெடுப்பு. அதன் பிறகே ஆசிரியர் விளக்குவார். சக மாணவர் வழிக் கற்றல் என்று இதைச் சொல்லலாம். இயற்பியலில் தொடங்கிய இம்முறை கணித வகுப்புகளுக்கும் பரவியது.

இதில் என்ன பயன்? நம் கேள்விக்கான விடையைப் பார்த்தால் தெரியும்.

பலர் முதலில் 'ஆ' என்பார்கள். ஏறும் வேகமும் இறங்கும் வேகமும் தெரியாதே என்பது அவர்களின் காரணம். அப்போது பக்கத்தில் இருப்பவர் ஒரு வேளை இப்படிச் சொல்லக்கூடும்: "இரண்டு நாளையும் ஒரே நாளாக நினைத்துக்கொள். ஒருவர் 7 மணிக்குக் கீழிருந்து ஏறுகிறார். இன்னொருவர் அதே 7 மணிக்கு மேலிருந்து இறங்குகிறார். இருவரும் 8 மணிக்குப் பயணத்தை முடிக்கிறார்கள். நடுவில் எங்காவது ஒருவரை ஒருவர் கடக்காமல் இருக்க முடியுமா?"

முடியாது. கடக்கும் அந்தக் கணத்தில் நேரமும் ஒன்று, உயரமும் ஒன்று. எனவே 'அ' தான் சரி.

இதையே கல்லூரிப் பாடநூல் வேறு விதமாகச் சொல்லும். ஞாயிறு உயரத்திலிருந்து சனி உயரத்தைக் கழியுங்கள். 7 மணிக்கு அந்த வித்தியாசம் +272 படி. 8 மணிக்கு −272 படி. நேரம் நகர நகர வித்தியாசம் தொடர்ச்சியாக மாறுகிறது. எந்த மதிப்பையும் தாண்டிக் குதிப்பதில்லை. நேரெண்ணிலிருந்து எதிரெண்ணுக்குப் போகும் வழியில் அது பூஜ்யத்தைத் தொட்டே ஆக வேண்டும். இதன் பெயர் இடைமதிப்புத் தேற்றம்.

தேற்றத்தை மட்டும் வெண்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால் நீங்கள் குறித்துக்கொண்டு போயிருப்பீர்கள். வாதாடியதால், தொடர்ச்சி என்ற நிபந்தனை எதற்காக இருக்கிறது, வேகம் ஏன் தேவைப்படவில்லை என்ற இரண்டும் உங்கள் கையில் நின்றுவிட்டன. சோதித்துப் பாருங்கள்: அந்த அன்பர் ஞாயிற்றுக்கிழமை படியை விட்டுவிட்டு மின்தூக்கியில் இறங்கியிருந்தால் விடை மாறுமா? மாறாது. மின்தூக்கி வேகமானதுதான், ஆனால் எந்த உயரத்தையும் தாண்டிக் குதிப்பதில்லை.

நம் நாட்டில் நடந்தது மொழி விவாதம்

மலேசியாவில் கணிதக் கல்வி என்று பேச்செடுத்தாலே விவாதம் மொழியில்தான் போய் நிற்கும். அதற்குக் காரணம் உண்டு.

2003-ஆம் ஆண்டு அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. முதலாம் ஆண்டு, படிவம் 1, கீழ் ஆறாம் படிவம் ஆகியவற்றில் ஒரே நேரத்தில் தொடங்கிய அத்திட்டத்தை நாம் பி.பி.எஸ்.எம்.ஐ. என்று அழைத்தோம். தமிழ்ப்பள்ளிகளும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறின. 2009 ஜூலை 8-ஆம் தேதி அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசாங்கம் அறிவித்தது. நகர மாணவர்களுக்கும் கிராமப்புற மாணவர்களுக்கும் இடையே கூடிய இடைவெளி, சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2012 முதல் படிப்படியாகத் தேசியப்பள்ளிகளும் இடைநிலைப்பள்ளிகளும் மலாய்க்கும், தமிழ்ப்பள்ளிகள் தமிழுக்கும் திரும்பின. 2016-இல் டி.எல்.பி. எனப்படும் இருமொழித் திட்டம் வந்தது. அது தமிழ்ப்பள்ளிகளுக்குத் தேவையா என்ற வாதம் நம் சமூகத்தில் எவ்வளவு சூடாக நடந்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரி, மொழி மாற்றம் என்ன செய்தது? டிம்ஸ் எனப்படும் அனைத்துலகத் தேர்வில் நம் படிவம் 2 மாணவர்கள் கணிதத்தில் பெற்ற சராசரிப் புள்ளிகளைப் பாருங்கள். 1999-இல் 519, 2003-இல் 508. இந்த இரு அணியினரும் இடைநிலைப்பள்ளியில் மலாயில் கற்றவர்கள். 2007-இல் 474, 2011-இல் 440. இவர்கள் ஆங்கிலத் திட்டக் காலத்தவர்கள். 2015-இல் 465, 2019-இல் 461, 2023-இல் 411. இவர்களில் பெரும்பாலோர் மீண்டும் மலாயில் கற்றவர்கள். கடைசி அணியினர் கோவிட் தொற்றால் பள்ளிகள் மூடப்பட்ட காலத்தையும் கடந்து வந்தவர்கள்.

ஆங்கிலம் வந்தபோது புள்ளிகள் இறங்கின என்று ஒரு தரப்பு சொல்லலாம், அது உண்மை. மலாய் திரும்பிய பிறகும் 1999-இன் நிலை திரும்பவில்லை என்று மறு தரப்பு சொல்லலாம், அதுவும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது: மொழியை மட்டும் வைத்து இந்த இறக்கத்தை விளக்கிவிட முடியாது. இம்மாணவர்களில் ஒரு பகுதியினர்தான் சில ஆண்டுகள் கழித்துப் பந்தாயில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திலும், பாங்கியிலும் செர்டாங்கிலும் சுங்கை லோங்கிலும் சுபாங் ஜெயாவிலும் உள்ள உயர்கல்விக்கூடங்களிலும் முதலாம் ஆண்டு நுண்கணித வகுப்பில் வந்து உட்காருகிறார்கள்.

'ஹட்' என்றால் என்ன?

மொழி முக்கியமில்லை என்பது இதற்குப் பொருளல்ல. கிள்ளானில் தமிழ்ப்பள்ளியில் படித்த ஒரு மாணவி பின்னம் என்று கற்றது, படிவம் 1-இல் பெச்சாஹான் ஆகிறது. கல்லூரியில் ஃபிராக்‌ஷன் ஆகிறது. கருத்து ஒன்றுதான், பெயர் மூன்று. ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும், புரிந்ததைப் புதிய சொல்லோடு ஒட்டவைக்கும் வேலையை அவர் தனியாகவே செய்கிறார்.

ஆனால் மொழியை மாற்றினாலும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. நுண்கணிதத்தின் அடித்தளமான ஒரு கருத்தைத் தமிழில் எல்லை என்கிறோம். மலாயில் அது ஹட். ஆங்கிலத்தில் லிமிட். நெடுஞ்சாலையில் 'ஹட் லாஜு 110' என்ற பலகையைப் பார்க்கிறோம். அங்கே அந்தச் சொல்லுக்குப் பொருள், 'இதைத் தாண்டாதே' என்பது. வயல் எல்லை, நாட்டு எல்லை என்னும்போதும் அப்படித்தான். எனவே மாணவர் மனத்தில், கணித எல்லை என்பதும் தாண்டக்கூடாத ஒரு வேலி என்று பதிந்துவிடுகிறது.

இந்த எண் தொடரைப் பாருங்கள்: 1, −1/2, 1/3, −1/4, 1/5, −1/6… இதன் எல்லை பூஜ்யம். ஆனால் தொடர் ஒவ்வொரு அடியிலும் பூஜ்யத்தைத் தாண்டித் தாண்டிப் போகிறது. 0, 0, 0, 0… என்ற தொடரோ எல்லையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதன் எல்லையும் பூஜ்யம்தான். கணிதத்தில் எல்லை என்பது வேலி அல்ல. எவ்வளவு சிறிய இடைவெளியை நீங்கள் கேட்டாலும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வரும் எல்லா எண்களும் அந்த இடைவெளிக்குள் அடங்கிவிடும் என்ற உறுதிமொழி அது.

மூன்று மொழியிலும் அன்றாடச் சொல் ஒரே குழியில்தான் தள்ளுகிறது. எந்த மொழியில் விரிவுரை நிகழ்த்தினாலும், மாணவர் வாய் திறந்து, "எல்லையைத் தாண்டக்கூடாதுதானே?" என்று கேட்டால்தான் அந்தப் பிழை வெளியே வரும். வாயே திறக்காத வகுப்பில், அது தேர்வுத்தாளில்தான் வெளியே வரும்.

வெளிநாடுகளில் நடந்த விவாதம்

அமெரிக்காவில் இந்த விவாதம் 1980-களில் வெடித்தது. 1986 ஜனவரியில் நியூ ஓர்லியன்ஸ் நகரின் டுலேன் பல்கலைக்கழகத்தில் கணித அறிஞர்கள் கூடினார்கள். நுண்கணிதப் பாடம் வீங்கிப்போய்விட்டது, மாணவர்கள் சூத்திரங்களை ஒப்பிக்கிறார்களே தவிரப் புரிந்துகொள்வதில்லை, தோல்வியடைவோர் அதிகம் என்பது அவர்களின் கவலை. பாடத்தைக் குறைத்து உயிரூட்ட வேண்டும் என்றார்கள். ஹார்வர்டை மையமாகக் கொண்ட ஒரு குழு, ஒவ்வொரு கருத்தையும் வரைபடமாகவும் எண்களாகவும் சூத்திரமாகவும் காட்டும் பாடநூலை எழுதியது.

எதிர்ப்பும் உடனே வந்தது. இயற்கணிதப் பயிற்சி குறைகிறது, நிறுவல்கள் மறைகின்றன, வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டுவது கணிதம் ஆகாது என்று பல பேராசிரியர்கள் கண்டித்தார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. படம் பார்த்துப் புரிந்துகொண்ட ஒருவருக்கு ஒரு தொகையீட்டைக் கையால் போட வரவில்லை என்றால், பொறியியல் இரண்டாம் ஆண்டில் அவர் தடுமாறுவார்.

பாடநூலை மாற்றுவதா வேண்டாமா என்ற இந்த வாதம் தொடங்குவதற்கு முன்பே, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி டிரீஸ்மன் என்பவர் வேறொரு கேள்வியைக் கையில் எடுத்திருந்தார். அவருடைய ஆய்வு நம் சமூகத்துக்கு மிக நெருக்கமானது.

அறைக் கதவுக்குப் பின்னால்

பெர்க்லியில் கறுப்பின மாணவர்கள் பலர் நுண்கணிதத்தில் தோல்வியடைந்துகொண்டிருந்தார்கள். ஏன் என்று பேராசிரியர்களைக் கேட்டபோது நமக்கும் பழக்கமான பதில்களே வந்தன: ஆர்வம் போதாது, அடிப்படை போதாது, வீட்டில் ஆதரவு இல்லை, வறுமை. டிரீஸ்மன் அதை ஏற்றுக்கொண்டு நிற்கவில்லை. கறுப்பின மாணவர் 20 பேரையும், நன்றாகச் செய்துகொண்டிருந்த சீன அமெரிக்க மாணவர் 20 பேரையும் தேர்ந்தெடுத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று அவர்கள் தங்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார்.

சொல்லப்பட்ட காரணங்கள் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் ஆர்வத்தோடு உழைத்தார்கள். குடும்பங்கள் அவர்களுக்குத் துணை நின்றன. வேறுபாடு ஒன்றுதான். கறுப்பின மாணவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் படித்தார்கள். ஆசிரியர் சொன்னபடி வாரத்துக்குச் சுமார் 8 மணி நேரம் உழைத்தார்கள். சீன மாணவர்களும் தனியாகப் படித்தார்கள். அதன் பிறகு மாலையில் ஒன்றுகூடி விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினார்கள், பழைய தேர்வுத்தாள்களை அலசினார்கள். அவர்கள் கணிதத்துக்குச் செலவிட்டது வாரத்துக்குச் சுமார் 14 மணி நேரம். எல்லோருக்கும் வராத ஒரு கணக்கு, உண்மையிலேயே கடினமான கணக்கு என்பது குழுவில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. தனியாக இருந்தவரோ, தமக்கு மட்டும்தான் வரவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

டிரீஸ்மன் அதன்படி பயிற்சிப் பட்டறை ஒன்றை நடத்தினார். அது பின்தங்கியோருக்கான சிறப்பு வகுப்பாக நடத்தப்படவில்லை. வழக்கமான வகுப்பைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, சிறு குழுக்களாக வாதாடவிட்டார். அதில் சேர்ந்தவர்கள், சேராதவர்களைவிடத் தெளிவாக நல்ல மதிப்பெண் பெற்றார்கள். 1992-இல் அவர் இதை விரிவாக எழுதி வெளியிட்டபோது அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் அந்தப் பட்டறையின் வழித்தோன்றல்கள் நடந்துகொண்டிருந்தன.

நம் பிள்ளைகளைப் பற்றியும் இதே பேச்சைக் கேட்டிருக்கிறோம்: ஆர்வம் இல்லை, அடிப்படை இல்லை, குடும்பச் சூழல் சரியில்லை. அடுத்த முறை கேட்கும்போது டிரீஸ்மனின் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று யாராவது போய்ப் பார்த்தீர்களா?

நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்

2014-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ஃப்ரீமனும் அவருடைய குழுவினரும், கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். விரிவுரை மட்டுமே நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 விழுக்காட்டு மாணவர்கள் தோல்வியடைந்தார்கள். மாணவர்களைச் செயல்படவைத்த வகுப்புகளில் 21.8 விழுக்காடு.

நூறு பேர் உள்ள வகுப்பில் 12 பேர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டு நுண்கணிதம் என்பது பொறியியல், காப்புறுதிக் கணிதம், கணினியியல் ஆகியவற்றுக்கு வாயிற்படி. அதில் தவறினால் பாடத்தை மீண்டும் எடுக்க வேண்டும். தனியார் கல்லூரியில் அதற்கு மீண்டும் கட்டணம். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் ஒருவருக்கு ஒரு பருவம் நீண்டால் அது குடும்பத்தின் சுமை. அந்த 12 பேர் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று நினைத்துப் பார்த்தால், இது வெறும் கல்வியியல் வாதம் இல்லை என்பது விளங்கும்.

இந்த எண்களை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்திவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மறுப்புகளும் உண்டு. 2006-இல் கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற மூன்று ஆய்வாளர்கள், வழிகாட்டாமல் மாணவரைத் தாமே கண்டுபிடிக்கவிடும் முறை புதிதாகக் கற்பவருக்குப் பயன்படாது என்று வாதிட்டார்கள். மனித மனம் ஒரே நேரத்தில் சில விஷயங்களைத்தான் ஏந்த முடியும்; அடிப்படை தெரியாதவரைக் கடினமான கணக்கோடு விட்டால் அவர் குழம்புவார், கற்கமாட்டார்; அவருக்குத் தேவை படிப்படியாகச் செய்துகாட்டிய மாதிரிக் கணக்கு என்பது அவர்களின் நிலை.

விரிவுரையாளர்களின் கவலையும் உண்மையானது. பாடத்திட்டம் நீளமானது, வாதத்துக்கு நேரம் கொடுத்தால் கடைசி இரண்டு பாடங்கள் நின்றுபோகும். 200 பேர் அமரும் மண்டபத்தில் நாற்காலிகள் தரையோடு பிணைக்கப்பட்டிருக்கும். குழுவில் ஒருவர் உழைக்க, மூவர் பார்த்து எழுதிக்கொள்வதும் நடக்கும்.

கூர்ந்து பார்த்தால் இரு தரப்பும் ஓர் இடத்தில் சந்திக்கின்றன. மஸூரும் டிரீஸ்மனும் மாணவரை வழிகாட்டாமல் விடவில்லை. கேள்வியைத் தேர்ந்தெடுத்தது ஆசிரியர்; முடிவில் விளக்கியதும் ஆசிரியர். விரிவுரை வேண்டும், மாதிரிக் கணக்கும் வேண்டும். ஆனால் அவற்றைக் கேட்டு முடித்த பிறகு, மாணவர் தாமே போட்டு, தாமே தவறி, தாமே விளக்கும் நேரம் வகுப்புக்குள்ளேயே இருக்க வேண்டும்.

புரிந்தது போன்ற ஒரு மயக்கம்

மாணவர்களுக்கே இது பிடிப்பதில்லை என்பது இன்னொரு தடை. 2019-இல் ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் ஒரு சோதனை நடத்தினார்கள். இயற்பியல் மாணவர்களில் ஒரு பிரிவினர் சிறந்த விரிவுரையைக் கேட்டார்கள். இன்னொரு பிரிவினர் அதே பாடத்தைக் குழுவாகக் கணக்குப் போட்டுக் கற்றார்கள். தேர்வில் இரண்டாம் பிரிவினர் அதிகம் பெற்றார்கள். ஆனால், "நிறையக் கற்றுக்கொண்டேன்" என்று அதிகம் சொன்னது முதல் பிரிவினர்.

நல்ல விரிவுரை வழுக்கிக்கொண்டு போகும். எல்லாம் புரிந்தது போல் இருக்கும். தாமே போடும்போது தடங்கலாக இருக்கும். எதுவும் புரியாதது போல் இருக்கும். டியூஷன் வகுப்பைப் பற்றியும் இதையே யோசிக்கலாம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் மாலை நேரத்தில் பல பிள்ளைகள் எஸ்.பி.எம். கூடுதல் கணிதத்துக்கு டியூஷன் போகிறார்கள். அங்கே ஆசிரியர் பழைய தேர்வுத்தாளை மளமளவென்று போட்டுக்காட்ட, பிள்ளை அழகாகப் பார்த்து எழுதிக்கொண்டு வந்தால், அது இரண்டாவது விரிவுரை மட்டுமே. அந்த அறையில் கணக்குப் போட்டவர் ஆசிரியர் ஒருவர்தான்.

குழுவில் மொழி தடையாவதில்லை

இங்கே இரண்டு விவாதங்களும் ஒன்று சேர்கின்றன. விரிவுரை மண்டபத்தில் ஒரு மொழிதான் இருக்க முடியும். அது எந்த மொழியானாலும் யாரோ ஒருவருக்குக் கடினம். நால்வர் உட்கார்ந்து பேசும் மேசையில் அந்தக் கட்டாயம் இல்லை. "இந்த ஹட் பூஜ்யத்துக்குப் போகுதுனு எப்படிச் சொல்றே?" என்று ஒருவர் கேட்கலாம், இன்னொருவர் மலாயில் பதில் சொல்லலாம், நால்வரும் சேர்ந்து அதை ஆங்கிலத்தில் எழுதலாம். தென்னாப்பிரிக்காவின் பன்மொழி வகுப்பறைகளை ஆராய்ந்து ஜில் ஏட்லர் 2001-இல் எழுதிய நூல், ஆசிரியர்கள் இதில் எதிர்கொள்ளும் இக்கட்டை எடுத்துச் சொல்கிறது: வீட்டுமொழியில் பேசவிட்டால் கருத்து தெளிகிறது, ஆனால் தேர்வு மொழியில் எழுதும் பழக்கமும் வர வேண்டும். பேச்சில் எந்த மொழியும் வரலாம், எழுத்தில் தேர்வு மொழி வர வேண்டும் என்று பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற வழி.

இந்தியாவிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1993-இல் கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன், கல்லூரி மாணவர்களுக்காக எம்.டி.டி.எஸ். என்ற கோடைப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். நான்கு வாரம் நடக்கும் அம்முகாமில் ஆசிரியர் முழு நிறுவலை எழுதிப்போட்டுவிட்டுப் போவதில்லை. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டு, மாணவர்கள் வாயிலிருந்தே நிறுவலை வரவழைப்பது அங்குள்ள முறை. சிறு ஊர்க் கல்லூரிகளிலிருந்து வரும் மாணவர்கள் பலருக்கு, தாமே சிந்தித்துச் செய்யக்கூடியது கணிதம் என்று தெரியவருவது அங்கேதான்.

டுட்டோரியல் நேரம் கையில் இருக்கிறது

நம் பல்கலைக்கழகங்கள் பிரிட்டிஷ் வழியில் வளர்ந்தவை. 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கி 1962-இல் கோலாலம்பூரில் தேசியப் பல்கலைக்கழகமாக நிலைபெற்ற மலாயாப் பல்கலைக்கழகத்தை, அந்த மாற்றக் காலத்தில் துணைவேந்தராக இருந்து நடத்தியவர் அலெக்ஸாண்டர் ஓப்பன்ஹைம் என்ற எண்கணித அறிஞர். பிரிட்டிஷ் முறையிலிருந்து நமக்குக் கிடைத்த ஒரு நல்ல வழக்கம், விரிவுரைக்குத் துணையாக வரும் டுட்டோரியல் வகுப்பு. பெரிய மண்டபத்தை இடிக்க வேண்டாம். பாடத்திட்டத்தைக் குறைக்கவும் வேண்டாம். அந்த ஒரு மணி நேரத்தில் விடைகளைப் பலகையில் எழுதி, மாணவர்கள் பார்த்து எழுதுகிறார்களா, அல்லது மாணவர்கள் பலகை முன் நின்று வாதாடுகிறார்களா என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

பெற்றோர்களே, கல்லூரித் திறந்தநாளுக்குப் போகும்போது, தேர்ச்சி விழுக்காட்டோடு இதையும் கேளுங்கள்: டுட்டோரியல் வகுப்பில் என் பிள்ளை எத்தனை நிமிடம் தானே கணக்குப் போடுவான்?

மாணவர்களே, கல்லூரி மாறும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று அல்லது நான்கு பேர் போதும்.

1. கணக்கை முதலில் ஒவ்வொருவரும் தனியாக அரைமணி நேரம் போட்டுப் பாருங்கள். வெறுங்கையோடு குழுவுக்கு வராதீர்கள்.
2. எளிய கணக்குகளைக் குழுவுக்குக் கொண்டுவராதீர்கள். எல்லோரும் தடுமாறும் கணக்குதான் வாதத்துக்கு ஏற்றது.
3. பேனா, எழுதத் தயங்குபவர் கையில் இருக்கட்டும். தெரிந்தவர் வாயால் மட்டும் விளக்கட்டும்.
4. எந்த மொழியிலும் பேசுங்கள். இறுதி விடையைத் தேர்வு மொழியில் முழு வாக்கியமாக எழுதுங்கள்.
5. வாதம் முடியும் வரை விடைத்தாளைத் திறக்காதீர்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒரு கணக்கு. கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு ஒரு ரயில் சரியாக ஒரு மணி நேரத்தில் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் அது வேகமாகப் போகலாம், மெதுவாகப் போகலாம், நிலையங்களில் நிற்கலாம். அந்தப் பயணத்தில், மொத்தத் தூரத்தில் சரியாகக் கால்பங்கைக் கடந்த தொடர்ச்சியான 15 நிமிடம் ஒன்று கட்டாயம் இருக்குமா? குறிப்பு: மணி நேரத்தை நான்கு காலாகப் பிரித்து, ஒவ்வொரு காலிலும் கடந்த தூரத்தைக் கால்பங்கோடு ஒப்பிடுங்கள். நான்கும் கால்பங்கைவிட அதிகமாக இருக்க முடியுமா? நான்கும் குறைவாக இருக்க முடியுமா?

அதை முடித்த பிறகு அடுத்தது. மொத்தத் தூரத்தில் சரியாக மூன்றில் இரண்டு பங்கைக் கடந்த தொடர்ச்சியான 40 நிமிடம் ஒன்று கட்டாயம் இருக்குமா? இதற்கு அவசரப்பட்டு விடை சொல்லாதீர்கள். ரயில் முதல் 20 நிமிடமும் கடைசி 20 நிமிடமும் நகராமல் நின்றிருந்தால் என்ன ஆகும் என்று வரைந்து பாருங்கள். உங்கள் நால்வரில் ஒருவராவது மற்ற மூவரோடு ஒத்துப்போகமாட்டார். அவர் சொல்வதை முழுமையாகக் கேளுங்கள்.